விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியை விட்டுவிடலாமா?

தேரிக்காட்டுக்காரி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. நடுப்பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இதை வீட்டில் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே நாலு பேரைக் கூட்டிவந்து என் தலையில் கைவைத்து ஜெபிக்க வைத்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் சித்தி போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலத்தில், இறந்துபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸில் இருந்தார்கள். சபை முழுவதும் உபவாசம் இருந்தது, சங்கிலி ஜெபம் நடந்தது. சுகம் நிச்சயம் என்று தரிசனம் கண்டதாகச் சொன்னவர்களும் உண்டு. அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் பக்கத்து ஊர் கன்வென்ஷனில் ஒரு பிரசங்கியார், "ஜெபித்தும் சுகம் வராத வீட்டில் யாரோ ஒருவருக்கு அவிசுவாசம் இருந்திருக்கிறது" என்று மைக்கில் சொன்னார். எங்கள் சித்தப்பா அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

நான் போகிறேன். ஆனால் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் சரீர உயிர்த்தெழுதல் என்ற இடம் வந்ததும் வாய் நின்றுவிடுகிறது. செத்த லாசருவை இயேசு உயிரோடு எழுப்பின பாடம் எடுத்த அன்று ஒரு பையன், "டீச்சர், அவரை எழுப்பினாரே, உங்க சித்தியை ஏன் எழுப்பல?" என்று கேட்டான். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் பாட்டு ஆரம்பித்துவிட்டேன்.

தேவன் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் பேசுவதைக் கேட்கிறாரா என்றுதான் தெரியவில்லை. இந்த நிலையில் பிள்ளைகள் முன்னால் நிற்பது மாய்மாலமா? வசனம் மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து.

விசுவாச வீரன்:

சகோதரி, உங்கள் துக்கம் புரிகிறது. ஆனாலும் வேதம் சொல்வதை நான் மறைக்க முடியாது. "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்" என்று யாக்கோபு எழுதுகிறார். ஏதேனில் சர்ப்பம் முதலில் செய்த வேலையே "தேவன் சொன்னது உண்டோ" என்று கேட்டதுதான். அதே யாக்கோபுதான் போதகர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்றும் சொல்கிறார். மனம் தெளிகிறவரைக்கும் பாடம் எடுப்பதை நிறுத்திவையுங்கள். பிள்ளைகளின் ஆத்துமா பெரிய காரியம். அன்போடுதான் சொல்கிறேன்.

கேள்விக்காரன்:

அக்கா, நான் சுரண்டைக்காரன், இப்போது பெங்களூரில் வேலை. சபையில் முழு அங்கமாகச் சேர்வதற்கு முந்தின திடப்படுத்தல் வகுப்பில், இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களின் பெயர்கள் நாலு சுவிசேஷத்திலும் ஏன் வேறு வேறாக இருக்கின்றன என்று கேட்டேன். அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு மூடின வாயை அதற்குப் பிறகு கோயிலில் நான் திறக்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன், கோயில் விருந்தான அசனத்தில் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். சந்தேகம் என்று வாய் திறந்ததுமே நிறுத்திவை, ஒதுங்கியிரு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. நீங்கள் ஒதுங்க வேண்டாம் என்பதுதான் என் ஆசை.

முதலூரான்:

மகளே, நான் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் தம்பி விசுவாச வீரன் சொன்ன யாக்கோபு. ஆறாம் வசனத்தை எடுத்தீர்கள், அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறது. அந்தத் தேவனை எப்படிச் சொல்கிறது? "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்." இவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். கேட்கிறவளை அவரே கடிந்துகொள்ளாதபோது நாம் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

அப்புறம் சீஷன் தோமா. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை அவர் சந்தேகப்பட்டதைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அதைவிட அதற்கடுத்த வசனம் பெரிதாகத் தெரிகிறது. எட்டு நாளைக்குப் பிறகு சீஷர்கள் உள்ளே கூடியிருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட" இருந்தார். "நான் நம்பமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்ன மனிதரை மற்றவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. அந்த எட்டு நாளும் ஒரு வீட்டுக்குள் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார். பத்துப் பேர் சந்தோஷத்தில், ஒருவர் துக்கத்தில். ஆனால் ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்தார்.

யோவான்ஸ்நானனையும் பார். யோர்தானில் இயேசுவைக் கைநீட்டிக் காட்டினவரே சிறைக்குள் உட்கார்ந்து, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசு அவரைத் திட்டவில்லை. கேட்க வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவரைவிடப் பெரியவன் இல்லை என்று ஜனங்களிடம் சொன்னார். ஆனால் சிறைக் கதவு திறக்கவில்லை, அது உனக்கும் எனக்கும் தெரியும். ஏரோது தலையை வாங்கினான். விசுவாசம் குறைந்ததால்தான் யோவான் செத்தார் என்று அந்தப் பிரசங்கியார் சொல்வாரா?

நம்முடைய நாட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் முதலூர் 1799ல் உண்டான கிறிஸ்தவ ஊர். உபத்திரவம் தாங்காமல் ஓடிவந்த ஜனங்களுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றின இடம். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பிரதிஷ்டைப் பண்டிகைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. பல வருடம் இந்தப் பக்கம் மிஷனரி யாரும் கிடையாது. 1811ல் காய்ச்சல் நோய் பரவி ஏராளமான பேர் இறந்தார்கள். ஜெபித்தவர்களும்தான் இறந்தார்கள். பயந்துபோய்ப் பலர் பழைய தெய்வங்களிடம் திரும்பிப் போனார்கள். நம்முடைய பாட்டன்மார் எல்லாரும் அசையாத கற்பாறைகள் என்று நினைக்காதே. அசைந்தார்கள். ஆனால் 1816ல் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்குப் படைக் குருவானவராக வந்து தேடிப் பார்த்தபோது, ஏறக்குறைய 3,000 கிறிஸ்தவர்கள் மீதி இருந்தார்கள். அவர்களைத் தாங்கினது நம் ஊர் உபதேசியார்மாரும் நாட்டுக் குருமாரும்தான். சாவு வீட்டில் உட்கார்ந்து, எழுத்துக் கற்றுக்கொடுத்து, ஜெபம் சொல்லிக்கொடுத்து ஜனங்களைக் காத்தார்கள். உன் வேலையும் அவர்கள் செய்த வேலைதான். அதை விடாதே.

கேட்கிறவன் பேச்சை எடுக்காமல் போனதற்கும் நம் சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. நம் பக்கத்து நாசரேத் ஊர் மிஷனோடு முரண்பட்ட சட்டம்பிள்ளை 1857ல் பிரிந்துபோய்ப் பிரகாசபுரத்தில் தனிச் சபையே கண்டார். வேதத்தை ஆழமாகப் படித்த மனிதர் அவர். இரண்டு பக்கத்திலும் நியாயம் பேசலாம், அது வேறு விவாதம். உட்கார்ந்து பேசியிருந்தால் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

பாளை செவிலி:

அக்கா, நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்தப் பிரசங்கம் பற்றிப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது.

சிறுநீரகம் கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் சர்க்கரை வியாதியும் ரத்த அழுத்தமும். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே வரும். காலில் வீக்கம், மூச்சு வாங்குவது என்று வெளியே தெரிகிற நேரத்தில் பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். இதில் வீட்டில் யாருடைய விசுவாசத்தை அளந்து பார்ப்பது? வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்படிப் பேச வாய் வராது. உங்கள் சித்தப்பாவிடம் யாராவது இதைச் சொன்னார்களா? நோய்க்குக் காரணம் நோய்தான் என்று டாக்டர் மாதிரி ஒருவர் அவருக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

ஆமி கார்மைக்கேல் அம்மையாரை நம் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. 1901லிருந்து டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். 1931ல் கீழே விழுந்து அடிபட்டது. அதற்குப் பிறகு 1951ல் இறக்கிறவரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அவர்களைவிட ஜெபம் தெரிந்தவர்கள் யார்? அவர்களுக்காக ஜெபிக்கத்தான் ஆள் இல்லையா? அங்கே ஆஸ்பத்திரியும் இருந்தது. ஆனாலும் எழுந்து நடமாடுகிற சுகம் வரவில்லை. படுக்கையில் இருந்தபடியே புத்தகம் புத்தகமாக எழுதினார்கள், வலியைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினார்கள். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார்கள். அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டிதான் வைத்திருக்கிறார்கள். டோனாவூருக்கு வேன் பிடித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிற நாம், சுகம் வராதது விசுவாசக் குறைவு என்று எப்படிப் பேசுகிறோம்?

இன்னொன்று. தூக்கம் வராமல் இருக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? காரணம் இல்லாமல் அழுகை வருகிறதா? இருந்தால் டாக்டரைப் பாருங்கள். துக்கம் உடம்பில் இறங்கிவிட்டால் ஜெபிக்கவும் தெம்பு இருக்காது. அதைப் பாவம் என்று நினைத்துக்கொண்டு தாங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

வடக்கன்குளத்தான்:

நான் கத்தோலிக்கன், உள்ளே வரலாமா? எங்கள் ஊரில் 1745ல் ஞானஸ்நானம் பெற்றவர்தான் தேவசகாயம் பிள்ளை. 2022ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்களே, அவர்தான். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தவரிடம், திருவிதாங்கூர்ப் படையில் இருந்த டிலனாய் சொன்னது, தப்பு ஒன்றும் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதை. அற்புதம் நடக்கும், நஷ்டம் தீரும் என்று சொல்லவில்லை. கடவுளிடம் வாதாடின ஒருவனுடைய கதையைச் சொன்னார். விசுவாசத்துக்குள் அவர் வந்த வழி அது. வந்த பிறகும் சுகவாழ்வு இல்லை, 1752ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பையனுக்கு யோபுவைச் சொல்லுங்கள் சகோதரி.

விசுவாச வீரன்:

எல்லாவற்றையும் வாசித்தேன். அந்தப் பிரசங்கியார் சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "இது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

ஆனால் பிள்ளைகளைப் பற்றி நான் சொன்னது அப்படியேதான் நிற்கிறது. சிறு பிள்ளைகள் ஆசிரியை முகத்தைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். முகம் கலங்கினால் அவர்களும் கலங்குவார்கள். அந்தப் பையனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். சரியான பதில் இருந்தால் எனக்கும் அது வேண்டும். எங்கள் சபையிலும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒரு ஐயரம்மா:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. என் வீட்டுக்காரர் ஐயர், அதாவது குருவானவர்; பல சபைகள் சேர்ந்த சேகரங்களில் ஊழியம் செய்தவர். கூடவே போய் நான் சாவு வீடுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

பையனிடம் இப்படிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: "நீ கேட்டதைத்தான் நானும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. லாசருவை எழுப்புவதற்கு முந்தி இயேசு அழுதார், அது எனக்குத் தெரியும்." இவ்வளவு போதும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது புரியும். ஜெபம் சரியில்லை, அதனால் எழுப்பவில்லை என்று யாராவது அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அவன் தகப்பன் படுத்தால் அந்தப் பாரம் முழுவதும் அந்தப் பிள்ளை தலையில் விழும். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஆசிரியை முகம் கலங்குவதற்குப் பயப்படவில்லை.

விசுவாசப் பிரமாணம் பற்றி. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு என்ன எழுதுகிறார்? இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்கிறார். படுக்கையில் கிடந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. உன் வாய் நிற்கிற இடத்தில் பக்கத்துப் பாயில் இருக்கிற ஆச்சிமார் சொல்வார்கள். கேட்டுக்கொண்டு நில்லு. அவர்களில் எத்தனை பேர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என்று உனக்குத் தெரியுமா? அவர்கள் எப்படித் திரும்ப வாய் திறந்தார்கள் என்று ஒரு நாள் போய்க் கேட்டுப் பார். பிரசங்கத்தில் கிடைக்காத விஷயம் அங்கே கிடைக்கும். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கும் போ. தகுதி வந்த பிறகு போகிறேன் என்று தள்ளிப்போட்டவர்கள் பலர் அப்படியே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபிக்க வார்த்தை இல்லையென்றால் 13ஆம் சங்கீதம், 88ஆம் சங்கீதம். இதில் 88 கடைசிவரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். சாவு நடந்த வீட்டில் வலுக்கட்டாயமாகத் துதிப்பாட்டு பாடச் சொல்கிற வழக்கம் நம்மிடம் வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்கவே இல்லை.

உங்கள் சேகரத்து ஐயரிடம் தனியாகப் போய்ச் சொல். கூட்டமாக வேண்டாம். அவர் பேசத் தயங்கினால் அவர் வீட்டு அம்மாவிடம் சொல். சித்தப்பா வீட்டுக்கும் போ, ஆனால் கோயிலுக்கு வாங்க என்று கூப்பிடப் போகாதே. பதினாறு நாளைக்குள் ஊரே போகும், அதற்குப் பிறகு ஒருத்தரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துச் சித்தியைப் பற்றிப் பேச விடு.

கேள்விக்காரன்:

அம்மா, இதை அழாமல் வாசிக்க முடியவில்லை. ஆனால் என்னுடையது துக்கத்தில் வந்த சந்தேகம் இல்லை. எனக்கு யாரும் சாகவில்லை. உயிர்த்தெழுதல் உண்மையாக நடந்ததா என்பதுதான் என் கேள்வி. காப்பி கொடுத்தால் அது தீராது. முதலூர் சார், உங்களிடம் பதில் உண்டா?

முதலூரான்:

உண்டு தம்பி, முழுப் பதில் இல்லை, தொடங்குகிற இடம் உண்டு. சுவிசேஷங்களை விட்டுவிட்டு 1 கொரிந்தியர் 15ல் தொடங்கு. பவுல் அதை எழுதினது ஏறக்குறைய கி.பி. 55. சிலுவைக்கு இருபது இருபத்தைந்து வருஷத்துக்குள். தான் பெற்றுக்கொண்டதை ஒப்புவிப்பதாகச் சொல்கிறார், அப்படியென்றால் அந்தச் செய்தி அதைவிடப் பழையது. ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள் என்பதுபோல இருக்கிறது. கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் அவரே எழுதுகிறார். இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தவர் அப்படி எழுதமாட்டார்.

பெண்களின் பெயர் வேறுபாடு நீ கவனித்தது சரிதான், அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றுமில்லை. சாட்சிகளை உட்கார வைத்து ஒரேமாதிரிச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த வேறுபாடு இருக்காது. பெண்களின் சாட்சியை லேசாக எண்ணின காலத்தில், கதை கட்டுகிறவன் முதல் சாட்சியாக மகதலேனா மரியாளை வைத்திருக்கவும் மாட்டான். இது நிரூபணம் ஆகாது. நான் உட்கார்ந்து யோசித்த வழி இது. நீயும் உட்கார்ந்து வாசி.

மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் வரவேண்டும் என்று யாராவது சொன்னால் இடையன்குடியைக் காட்டு. அங்கே ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856ல் வெளியிட்டார். அதே காலத்தில்தான் அந்த ஊர்க் கோயிலையும் கட்டிக்கொண்டிருந்தார். 1847ல் தொடங்கினது, பிரதிஷ்டை நடந்தது 1880ல்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறபோது பாளையங்கோட்டையில் இறங்கினால் தகவல் சொல். ஒரு மத்தியானம் வேதத்தை விரித்துவைத்துப் பேசலாம்.

கேள்விக்காரன்:

வருகிறேன் சார்.

தேரிக்காட்டுக்காரி:

எல்லாருக்கும் நன்றி. செவிலி தங்கச்சி, தூக்கம் வராமல்தான் இருந்தது. திசையன்விளையில் டாக்டரைப் பார்த்தேன்.

ஐயரிடம் போய்ப் பேசினேன். கோபப்படவில்லை. தன் அண்ணன் இறந்தபோது ஒரு லெந்து முழுவதும் பிரசங்கபீடத்தில் ஏறப் பயந்ததாகச் சொன்னார். பாடம் எடுப்பதை விடவேண்டாம், உயிர்த்தெழுதல் பாடம் வருகிற வாரத்தை மட்டும் இன்னொரு ஆசிரியையோடு சேர்ந்து எடுங்கள் என்றார். வீரன் அண்ணன் சொன்ன கவலைக்கும் இது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பிரசங்கியாரை அழைத்தவர்களிடம் தானே பேசுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

சித்தப்பா வீட்டுக்குப் போனேன். கோயிலைப் பற்றிப் பேசவில்லை. சித்தி வைக்கிற கருவாட்டுக் குழம்பைப் பற்றித்தான் ரொம்ப நேரம் பேசினார். கிளம்பும்போது, "உங்க ஐயர் என்ன சொல்றார்?" என்று அவரே கேட்டார்.

எனக்குச் சந்தேகம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அந்த இடத்தில் இன்னும் வாய் நிற்கிறது. மாற்குவில் மகனுக்குச் சுகம் கேட்டு வந்த தகப்பன் கண்ணீரோடே சொன்ன "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்பதை மட்டும் தினமும் சொல்கிறேன். அதில் இரண்டு பாதியுமே எனக்கு உண்மையாக இருக்கிறது.

பையனிடம் ஐயரம்மா சொன்னபடியே சொன்னேன். "அப்போ நீங்களும் கேட்டுட்டுதான் இருக்கீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். பெரிய பிரிவுப் பிள்ளைகளுக்கு யோபு எடுக்கலாமா என்று ஐயர் கேட்டிருக்கிறார். 42 அதிகாரத்தையும் எடுக்க முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது?

ஒரு ஐயரம்மா:

1, 2ஐக் கதையாகச் சொல். 3ஐ அப்படியே வாசிக்க வை, அவன் பிறந்த நாளைச் சபிக்கிறதை விட்டுவிடாதே. சிநேகிதர்கள் பேச்சில் ஏதாவது ஒன்று போதும், 8ஆம் அதிகாரம் வைத்துக்கொள். அப்புறம் 19, 23.

முதலூரான்:

38ல் தேவன் பேசுகிற இடத்தைப் பிள்ளைகளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல். 42ல் ஏழாம் வசனத்தைத் தவறவிடாதே. யோபுவுக்குப் புத்தி சொன்ன மூன்று பேரையும் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

விசுவாச வீரன்:

சகோதரி, பாடக் குறிப்பை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். எங்கள் சபையிலும் எடுக்கிறோம்.